எள்ளுவுக்குப் பார்த்த இடம்

எள்ளுவுக்கு ஐந்து வயது முடிந்த சித்திரையில், அவளைச் சினைக்கு விட ஒரு பொலிகுதிரை பார்க்க வேண்டும் என்ற பேச்சு வீட்டில் எழுந்தது. எழுந்த அன்றே முடிந்துவிட்டது போலவும் இருந்தது. பல்லடத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்த மாமா செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்.

"நம்ம கிட்டுசாமிகிட்டச் சொல்லிப்போட்டு வந்துட்டன் கண்ணு. அவரு மார்வாரிக்கே உட்டரலாம். பந்தியில பக்கத்துல உக்காந்திருந்தாரு. வாக்குக் குடுத்தாச்சு."

மாமா என்றால் என் மாமனார் ஆத்தப்பன். கிட்டுசாமி அவருக்கு நெடுநாள் பழக்கம். பெரிய பனியன் கம்பெனிக்காரர். ராஜஸ்தானிலிருந்து லாரியில் வரவழைத்த அவருடைய மார்வாரிக் குதிரையைப் பார்க்க ஆட்கள் கார் எடுத்துக்கொண்டு வருவார்கள்.

நான் காபி டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றேன். "சரிங்க மாமா" என்ற சொல் நாக்கு வரைக்கும் வந்தது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பழகிய சொல். அன்றைக்கு என்னவோ அது வெளியே வரவில்லை.

எள்ளு மட்டக்குதிரை. அவள் முதுகு என் மார்பு உயரத்துக்குத்தான் வரும். வெளுத்த சாம்பல் உடம்பு முழுக்க எள்ளைத் தூவியதுபோலப் புள்ளிகள். மூன்று வருடங்களுக்கு முன் கண்ணபுரம் சந்தைக்கு மாடு பார்க்கப் போனபோது அவளைப் பார்த்தேன். சுற்றிலும் விசிலும் கூச்சலுமாக இருந்தது. அவள் மட்டும் வருகிறவர்களை ஒவ்வொருவராக நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு இது வேண்டும் என்றேன். கல்யாணமாகி வந்த பின் நான் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அதுதான். "சந்தைக்கு வந்தாப் பொம்பளைங்க வளையல் கேப்பாங்க, என்ற பொண்டாட்டி குதிரை கேக்கறா" என்று என் கணவர் நித்தீஷ் சிரித்தார். ஆனால் வாங்கிக் கொடுத்தார்.

எங்கள் பனியன் யூனிட் வீட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது. கடைசிச் செக்கிங் மேசை என்னுடையது. காதர்பேட்டைக் கடைகளுக்குப் போகும் சரக்கானாலும் கப்பல் ஏறும் சரக்கானாலும் என் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஓட்டை, எண்ணெய்க் கறை, கழுத்து வளைவில் கால் இஞ்ச் பிசகு என்று பார்த்துப் பார்த்து என் கண் அப்படியே ஆகிவிட்டது. ஒன்றின் அழகில் மயங்கும் முன் அதன் பிசகு தெரிந்துவிடும். எள்ளுவைக் கொண்டுவந்த மறுநாளே அவளை டேப் வைத்து அளந்தேன். அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குக் குரல் ஏறிவிடும், அவ்வளவு பெருமை. ஆனால் அவளுடைய குறைகளும் எனக்கு மனப்பாடம். முதுகு ஒரு பிடி நீளம். பின்னங்கால் கணுக்கள் கொஞ்சம் நெட்டுக்குத்தாக நிற்கும். மற்றபடி கல் மாதிரிக் குளம்பு, அகன்ற நெற்றி. ஜெனரேட்டர் திடீரென்று உறுமினால் யூனிட்டில் பெண்கள் திடுக்கிடுவார்கள். அவள் காதை மட்டும் திருப்புவாள்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது பேச்சை நானே எடுத்தேன்.

"மாமா, அந்தக் குதிரை ரொம்பப் பெருசுங்க."

"பெருசுதான் வேணும் கண்ணு. சின்னதோட பெருசைச் சேத்தா நடுவாந்திரமா ஒண்ணு வருமல்லோ."

நித்தீஷ் சோற்றைப் பிசைந்துகொண்டே ஒத்துக்கொண்டார். "எஸ்ஸையும் எக்ஸெல்லையும் கூட்டி ரெண்டால வகுத்தா ஒரு எம்மு, இல்லைன்னா எல்லுதானே சுபா."

"குட்டி என்னங்க பனியனா, கூட்டி வகுக்கறதுக்கு? தலை எக்ஸெல்லு, உடம்பு எஸ்ஸுன்னு வந்துச்சுன்னா, பெத்துப் போடறது யாருங்க? எள்ளுதானே?"

அத்தை பழனாயி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். கரண்டி நின்றது. "அம்மிணிக்கு வாயி வந்துருச்சு" என்றார். திட்டினாரா மெச்சினாரா என்று எனக்குத் தெரியவில்லை.

மாமா கோபப்படவில்லை. "அப்ப நீயி வேற எடம் ஏதாச்சும் பாத்து வெச்சிருக்கறயா?" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். நான் பார்த்து வைத்திருந்தேன்.

தை மாதம் ஊத்துக்குளி போகும் வழியில் ஒரு கோயில் நோம்பித் திருவிழாவில் சின்னக் குதிரைகளுக்கு வண்டிப் பந்தயம் நடந்தது. கருப்பட்டி என்ற கருஞ்செவலைக் குதிரை அதில் இரண்டாவதாக வந்தது. பந்தயம் முடிந்ததும் மற்றவை நுரை தள்ளிக்கொண்டு குதித்தன. கருப்பட்டி ஒரு டெம்போவின் நிழலில் நின்று, காலைத் தூக்கிக் கொடுத்து, குளம்பில் சிக்கிய கல்லை எடுக்கவிட்டது. எள்ளுவைவிட இரண்டு விரல்தான் உயரம். கச்சிதமான குட்டை முதுகு. நடக்கும்போது பின்னங்கால் கணு ஸ்பிரிங் போல அமுங்கி எழுந்தது. எள்ளுவிடம் எது போதவில்லையோ அது அங்கே இருந்தது. டீ சர்ட்டில் கழுத்து லூசாக இருந்தால் நாங்கள் கழுத்தை மட்டும் திருத்துவோம். சட்டை முழுவதையும் ஒரு சைஸ் ஏற்றமாட்டோம்.

அதன்பின் ஸ்கூட்டியில் போய்க் கருப்பட்டியின் குட்டிகள் இரண்டைப் பார்த்தேன். ஒன்று அவிநாசிப் பக்கம், இன்னொன்று குன்னத்தூரில். தாய்கள் இரண்டும் வேறு வேறு சாயல். குட்டிகள் இரண்டுக்கும் அதே குட்டை முதுகு. மார்வாரியையும் முன்பே பார்த்திருந்தேன். அழகில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். காது நுனிகள் ஒன்றையொன்று தொட, ஒரு சுழியிலும் பழுது சொல்ல முடியாமல், ராஜா மாதிரி நின்றது. அதன் தோளுக்குக் கீழே நின்றுகொண்டு, குட்டி எதையாவது பார்க்கலாமா என்று கேட்டேன். "எல்லாம் வித்துப்போச்சுங்க அம்மிணி" என்று கிட்டுசாமி சிரித்தார்.

கால்நடை டாக்டரம்மாவிடமும் பேசியிருந்தேன். தாயின் வயிறு பெரும்பாலும் குட்டியை அளவுக்கு மேல் வளரவிடாது, பயப்பட வேண்டாம் என்றுதான் ஆரம்பித்தார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா முதல் ஈத்து, சின்ன உடம்பு. தோள் அகலமா வந்தா தாய் உயிருக்கே ஆபத்தாகலாம். வேற குதிரை கிடைக்கறப்ப எதுக்கு இந்தச் சோதனை?" என்றார்.

இதையெல்லாம் நான் சொல்லி முடித்ததும், "யாரு குதிரை அது?" என்றார் மாமா.

"ராஜபாண்டிதுங்க."

ராஜபாண்டி கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர். எங்களிடம் பல வருடம் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டினார். இப்போது சொந்தமாக மெஷின் போட்டு ஜாப் வொர்க் செய்கிறார்.

"நம்மகிட்ட டைலரா இருந்தவன் ஊட்டு வாசல்ல போயி நின்னு, உன்ற குதிரையக் குடப்பான்னு நாம கேக்கறதா?"

நித்தீஷ் நிலைமையை லேசாக்கப் பார்த்தார். "எள்ளும் கருப்பட்டியும் சேந்தா எள்ளுருண்டைதான் பொறக்கும்."

அத்தை மட்டும் சிரித்தார். மாமா இலையை மடித்துவிட்டு எழுந்தார். கை கழுவி வந்து, என்னைப் பார்க்காமல் சொன்னார். "என்ற வாக்கு ஒரு பக்கம், உன்ற கண்ணு ஒரு பக்கம். எதுக்கு மனஸ்தாபம்? வெள்ளிக்கிழமை மாகாளியாத்தாகிட்டப் பூக் கேட்டரலாம். ஆத்தா சொன்னா ஆருக்கும் வருத்தமில்ல."

பெரிய முடிவுகளை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் எடுப்பார்கள். கிணறு வெட்டுவதா, யூனிட் தொடங்குவதா, பெண் கொடுப்பதா என்று கேட்டு, அம்மனின் இரண்டு தோளிலும் ஈரப் பூவை ஒட்டிவைத்துக் காத்திருப்பார்கள். வலதுபக்கப் பூ முதலில் விழுந்தால் செய்யலாம். இடதுபக்கம் விழுந்தால் கூடாது. பூ விழுந்த பிறகு அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

என் கல்யாணமும் அப்படித்தான் முடிவானது. நான் கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, அப்பா குலதெய்வக் கோயிலில் பூக் கேட்டார். வலதுபக்கம் விழுந்தது. அம்மா போனில் சந்தோஷத்தில் அழுதாள். நித்தீஷ் நல்லவர், எனக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. முன்பே பார்த்துப் பேசியிருந்தால் நானே சம்மதம் சொல்லியிருப்பேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தச் சம்மதம் என்னிடமே தங்கிவிட்டது. யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. துணி மடிக்கும்போதோ பாலைக் காய்ச்சும்போதோ எப்போதாவது அது உள்ளே அசையும். வருத்தம் என்று அதைச் சொல்ல முடியாது. கொடுக்க எடுத்துவைத்த ஒன்றைக் கொடுக்காமலே வீட்டுக்குத் திரும்பியது போல ஒன்று.

வெள்ளிக்கிழமை காலையில் நாங்கள் நான்கு பேரும் கோயிலுக்குப் போனோம். பூசாரி அம்மனைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, இரண்டு அரளிப் பூக்களைத் தண்ணீரில் நனைத்துக் கையில் வைத்துக்கொண்டார். வலது விழுந்தால் மார்வாரி, இடது விழுந்தால் மற்றது என்று மாமா சொன்னார். நான் அந்தப் பூக்களையே பார்த்தேன். வலதுபக்கம் விழுந்தால் நான் தலையைக் குனிந்துகொள்வேன் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அதை நான் நம்புகிறேன். பதினொரு மாதம் கழித்து எள்ளு கால்களை உதைத்துக்கொண்டு கிடந்தால், அப்போதும் ஆத்தா விட்ட வழி என்று சொல்லிக்கொள்வேன். அவள் கழுத்தைத் தடவிக்கொண்டே அதைச் சொல்வேன்.

"கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

பூசாரியின் கை அம்மனின் தோளருகே நின்றது.

"மாமா, பூக் கேக்க வேண்டாமுங்க."

"ஏன் கண்ணு? ஆத்தா மேல நம்பிக்கையில்லையா?"

"இருக்கறதுனாலதானுங்க சொல்றன். பூ விழுந்துட்டா அதுக்கு மேல நான் வாயத் தொறக்க மாட்டனுங்க. சொல்றதா இருந்தா இப்பவேதான் சொல்லோணும்." நிறுத்தாமல் தொடர்ந்தேன். "தெரியாததை ஆத்தாகிட்டக் கேக்கலாமுங்க. இது எனக்குத் தெரியுமுங்க. அளந்து பாத்திருக்கறன். குட்டிகளப் போயிப் பாத்திருக்கறன். எள்ளுவுக்கு ராஜபாண்டி குதிரைதானுங்க சரி."

நித்தீஷ் என்னைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். அத்தை சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

"தப்பாப் போச்சுன்னா?" என்றார் மாமா.

"என்ற தப்புங்க. கோயில்ல நின்னு சொல்றன்."

மாமா வெகுநேரம் அம்மனைப் பார்த்தார். பூசாரியின் விரல்களிலிருந்து தண்ணீர் சொட்டியது. "ஏனுங்க, பூவை வெக்கறதா வேண்டாமா? கை வலிக்குதுங்க" என்றார்.

"வெய்யி சாமி. கேக்கறதுக்கில்ல. சும்மா ஆத்தாளுக்கு வெய்யி."

திரும்பி வரும்போது மாமா காரிலேயே கிட்டுசாமிக்குப் போன் போட்டார். அவருக்குப் போனை ஸ்பீக்கரில் இல்லாமல் பேசத் தெரியாது. எல்லாம் எங்கள் காதில் விழுந்தது.

"தப்பா நெனைச்சுக்காதீங்க. ஊட்டுல வேற எடம் பாத்துட்டாங்க."

"அட, நம்மளைவிடப் பெரிய எடமுங்களா?"

மாமா மறைக்காமல் சொன்னார். கிட்டுசாமி சிரித்த சிரிப்பு கார் முழுக்க நிறைந்தது. "டைலர் எடமுங்களா! சேரிச் சேரி. கழுதைக்குட்டி கிழுதைக்குட்டி பொறந்தா ஒரு போட்டோ அனுப்புங்க ஆத்தப்பண்ணா."

மாமாவின் காது மடல் சிவந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கோயிலில் பேசிவிட்ட பெருமிதம் அதற்குள் என்னிடம் பாதிதான் மிச்சமிருந்தது. அந்தச் சிரிப்பு என் மேல் விழ வேண்டியது. என் பொருட்டு அவர் அதை வாங்கிக்கொண்டார்.

ராஜபாண்டியிடம் நான்தான் பேசினேன். உடனே ஒத்துக்கொள்வார் என்று நினைத்திருந்தேன். "சந்தோசம்க்கா. ஆனா கருப்பட்டிய எல்லாத்துக்கும் விடுததில்ல. ஒங்க குதிரைய ஒருக்கப் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை வந்தார். முன்பு வேலை கேட்டு வந்தபோது வாசலிலேயே நின்ற மனிதர், இப்போது நேராகக் கொட்டகைக்கு வந்து எள்ளுவைச் சுற்றி நடந்தார். பல்லைப் பார்த்தார். குளம்பைத் தூக்கிப் பார்த்தார். மாமா நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பது போல உட்கார்ந்திருந்தார்.

"நல்ல குதிரைக்கா. முதுகுதான் ஒரு பிடி நீளம். பின்னங்காலும் லேசா நெட்டா இருக்கு."

"தெரியுமுங்க. அதுக்குத்தானே உங்களைக் கூப்புட்டது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்பச் சரி" என்றார். அவ்வளவுதான்.

பேப்பர் கீழே இறங்கியது. "நீளமாவா இருக்குது?" என்று மாமா எழுந்து வந்தார். மூன்று வருடமாகத் தினமும் தடவிக்கொடுத்த குதிரையை எட்ட நின்று ஒருமுறை முழுதாகப் பார்த்தார்.

கருப்பட்டியை டெம்போவில் கொண்டுவந்த முதல் நாள், எள்ளு காதை மடித்துக்கொண்டு உதைக்கப் பார்த்தாள். "இன்னைக்குப் பொண்ணுக்கு மனசில்லக்கா. நாம கட்டாயப்படுத்த முடியாது, பொறவு வாரேன்" என்று ராஜபாண்டி திருப்பிக் கொண்டுபோனார். அடுத்த முறை அவர் வந்தபோது, டெம்போவின் சத்தத்துக்கே அவள் கனைத்தாள். வேலிவரை அவளாகவே நடந்துபோய் நின்றாள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டேன். சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

பிறகு காத்திருந்த மாதங்களில் நான் தைரியமாக இருந்தேன் என்று சொல்ல முடியாது. டாக்டரம்மா சினை என்று உறுதி சொன்ன அன்று இனிப்புக் கொடுத்தேன். அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் அவள் வயிறு இறங்குவதைப் பார்க்கப் பார்க்க, "என்ற தப்புங்க" என்று கோயிலில் சொன்ன சொல் எடை கூடிக்கொண்டே போனது. பூ விழுந்திருந்தால் இந்தப் பயத்தை ஆத்தாவிடம் விட்டுவிட்டுத் தூங்கியிருக்கலாம். ஒரு முடிவு என்னுடையது என்றால் அதற்கான பயமும் என்னுடையதே என்பது அப்போதுதான் புரிந்தது. ஆச்சரியம் என்னவென்றால், அந்தப் பயத்தைத் திருப்பிக் கொடுத்துவிட எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

பங்குனியில் ஒரு காலை, யூனிட்டுக்கு ஆட்கள் வருவதற்கு முன், எள்ளு படுத்துவிட்டாள். டாக்டரம்மா கிளம்பிவிட்டதாகச் சொன்னார், ஆனால் அவர் வந்து சேரும்வரை அவள் பொறுக்கவில்லை. அத்தை ஒரு கூடை பனியன் வேஸ்ட் துணியோடு வந்து என் பக்கத்தில் குத்துக்காலிட்டார். முதலில் ஒரு முன்னங்குளம்பு, கொஞ்சம் பின்தள்ளி இன்னொன்று, அவற்றின் மேல் ஒரு மூக்கு. எல்லாம் வர வேண்டிய முறையில் வந்தது. தலை வந்ததும் நின்றுவிட்டது. எள்ளு கழுத்தைத் தரையில் நீட்டி முனகினாள். தோள். டாக்டரம்மா சொன்ன தோள்.

"என்னாச்சு? என்னாச்சு?" கொட்டகைக்கு வெளியே மாமா முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்தார்.

"நீங்க கம்முனு நில்லுங்க. பெக்கறது நீங்களாட்ட!" என்று அத்தை அதட்டினார்.

எள்ளு இன்னொரு முறை முக்கினாள். தோள் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. மற்றதெல்லாம் நீரோடு ஒரே வீச்சில் என் மடியில் வந்து விழுந்தது. கறுத்த, நனைந்த, சூடான பெட்டைக்குட்டி. அத்தை துணியால் அதன் மூக்கைத் துடைத்தார். அது தும்மியது. எள்ளு தலையைத் திருப்பி, இதுவரை நான் கேட்டிராத ஒரு தாழ்ந்த குரலில் அதைக் கூப்பிட்டாள்.

டாக்டரம்மா வந்தபோது குட்டி நான்கு காலையும் நான்கு திசையில் பரப்பிக்கொண்டு நின்றிருந்தது. எள்ளுவைச் சோதித்துவிட்டு, "ஒரு கிழிசல் இல்லை. இந்தத் தோள்தான் இவளுக்கு மட்டு. இதுக்கு மேல தாங்கியிருக்க மாட்டா" என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். மாமா உள்ளே வந்து குட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அதன் முதுகில் கையை வைத்து ஒரு பிடி, இரண்டு பிடி என்று அளந்து பார்த்துக்கொண்டார்.

செய்தி எப்படியோ பல்லடம் வரைக்கும் போயிருக்கிறது. அடுத்த வாரம் கிட்டுசாமியின் கார் வாசலில் வந்து நின்றது. நான் செக்கிங் மேசையில் இருந்தேன். ஜன்னல் வழியாகக் கொட்டகை தெரியும், பேசுவதும் கேட்கும்.

கிட்டுசாமி வேலியில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். குட்டி வெயிலில் ஒரு வட்டம் ஓடி, சறுக்கி, விழாமல் நின்றது.

"குட்டி கொஞ்சம் கட்டையால்ல இருக்குதுங்க ஆத்தப்பண்ணா."

மாமா வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். "கட்டையாத்தானுங்க வேணும்னு கேட்டோம். முதுகைப் பாருங்க. தாயிக்கு ஒரு பிடி நீளம், உங்களுக்குத் தெரியாது. இதுக்கு அது இல்ல. பின்னங்கணு அமுங்கறதைப் பாருங்க. அதுக்குன்னே தேடித்தான் அந்த எடத்தைப் பாத்தது."

கையில் இருந்த பனியனை அப்படியே வைத்துவிட்டேன். கேட்டோம் என்கிறார். நான் வெளியே போனேன். கிட்டுசாமி குனிந்து குட்டியின் பின்னங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை சிரிக்கவில்லை. மாமா என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தாமலே ஓரடி நகர்ந்து, வேலியோரம் தனக்கும் அவருக்கும் நடுவில் எனக்கு இடம் விட்டார்.